நவநாள் பாக்கெட்

என் வாய்தான் எனக்குச் சத்துரு என்று என் வீட்டுக்காரர் யேசுதாஸ் சொல்லிக்கொண்டே இருப்பார். கோலார் தங்கவயலில் முப்பது வருஷம் பூமிக்கடியில் வேலை பார்த்துவிட்டு, நெஞ்சில் தூசி அடைத்து அவர் போய்ச் சேர்ந்தார். சுரங்கத்தையும் மூடினார்கள். நானும் என் ஒரே மகன் குணசேகரும் மூட்டை கட்டிக்கொண்டு பெங்களூர் லிங்கராஜபுரத்துக்கு வந்தோம். வாயும் கூடவே வந்தது. ஆனால் 2007ஆம் வருஷம் நடந்ததற்கு வாயை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. கையும் சேர்ந்துகொண்டது.

எனக்கு கார்மென்ட்ஸில் செக்கிங் வேலை. காலர் கால் அங்குலம் ஏறியிருந்தால் சட்டையைத் தூக்கிப் போட்டுவிடுவேன். லேபிள் மாறித் தைத்தால் ஒரு பெட்டியே திரும்பி வரும் என்று தையல் பெண்களிடம் தொண்டை கிழியக் கத்துவேன். ஆரோக்கியமேரி டேபிளுக்குப் போன துணியில் அளவு தப்பாது என்று சூப்பர்வைசரே சொல்வான். அப்பேர்ப்பட்டவள்தான் வீட்டில் அளவு தப்பினேன்.

மருமகள் பெயர் கிரேஸ். அமைதியான பெண், என் வாய்க்கு நேர் எதிர். ஒரு கம்பெனியில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் கேட்டு இங்கிலீஷில் டைப் அடிப்பாள். நோயின் பெயர், மருந்தின் பெயர் எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. காலையில் ஏ.சி. அறைக்குள் போனால் இருட்டிய பிறகுதான் வெளியே வருவாள். அவள் மாமனாரும் அப்படித்தான் இருந்தார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் சூரியனைப் பார்த்தார் என்று நான் கேலி செய்வேன். அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவள் இரண்டு குழந்தைகளை இழந்தாள். முதலாவது இருபத்தெட்டாவது வாரத்தில், இரண்டாவது இருபத்தொன்பதாவது வாரத்தில். இரண்டு தடவையும் பி.பி. ஏறி, முகமும் காலும் வீங்கி, குழந்தை உள்ளேயே அடங்கிப்போனது. இரண்டாவதைக் கல்லறையில் வைத்த எட்டாம் நாள், வீட்டு ஜெபத்துக்கு வந்தவர்கள் நடுவில் நான் ஒரு வார்த்தை சொன்னேன்.

"இவளுக்குச் சுமக்கத் தெரியல. நாம என்ன பண்றது?"

துக்கத்தில் வந்த வார்த்தைதான். துக்கத்தில் வந்தால் என்ன, கோபத்தில் வந்தால் என்ன, சொன்னதை அள்ள முடியுமா? கிரேஸ் எழுந்து உள்ளே போனாள். அதற்குப் பிறகு நாங்கள் அதைப்பற்றிப் பேசவே இல்லை. நான் மறந்தும் போனேன்.

மூன்றாவது தடவை கரு நின்றபோது நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஏழு மாதம் தாண்டும்வரை ஒருவர் கண்ணும் படக்கூடாது என்று அவளை வேலைக்கு லீவு போடச் சொன்னேன். ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். மாடிக்குத் துணி காயப்போடக்கூட நான்தான் போனேன். மாடியில் நின்றால் மூன்று வீட்டு ஜன்னல்கள் நம்மையே பார்க்கும். இப்படி ஐந்து மாதம் அவளை அறைக்குள் வைத்துக் காப்பாற்றினேன். காப்பாற்றினேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அவளுக்கு இடுப்பும் காலும் வலிக்க ஆரம்பித்தன. பாயில் உட்கார்ந்தால் சுவரைப் பிடிக்காமல் எழ முடியவில்லை. படியேறும்போது ஒரு படிக்கு ஒரு தடவை நின்றாள். வயிற்றுப் பிள்ளைக்காரி என்றால் அப்படித்தான், கொஞ்சம் சோம்பலும் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஜூலை மாதம் நிருபமா டாக்டரிடம் போனோம். சிக்கலான பிரசவங்களை மட்டும் பார்க்கிறவர். நர்ஸிடம் கன்னடம், எங்களிடம் தமிழ், போனில் இங்கிலீஷ் என்று மூச்சு விடாமல் பேசுவார். கிரேஸின் கணுக்காலுக்கு மேலே எலும்பில் விரலை வைத்து அழுத்தினார். வலி தாங்காமல் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் புதிதாக ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து ரிசல்ட் வந்தது. வைட்டமின் டி ஆறு. குறைந்தது முப்பது இருக்க வேண்டுமாம்.

அது வெயிலில் கிடைக்கிற சத்து, அது இல்லாமல்தான் எலும்பு இப்படி வலிக்கிறது என்று டாக்டர் விளக்கினார். பி.பி. ஏறிக் குழந்தை போனதற்கும் இதுதான் காரணமா என்று கேட்டேன். சில ஆராய்ச்சிகளில் சம்பந்தம் உண்டு என்கிறார்கள், சிலவற்றில் இல்லை என்கிறார்கள், எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியாது, ஆனால் குறை இருக்கிறது, சரி செய்வோம் என்றார். என் காதில் 'உண்டு' மட்டும்தான் விழுந்தது.

கிரேஸ் சிறுநீர் பரிசோதனைக்குப் போயிருந்தாள். டாக்டர் சீட்டை என் கையில் கொடுத்துச் சொன்னார். பவுடர் பாக்கெட், வாரத்துக்கு ஒன்று, பாலில் கலந்து எட்டு வாரம். கால்சியம் மாத்திரை தினமும். வெயில் இருபது நிமிஷம். ஜூலையில் பெங்களூரில் வெயிலுக்கு எங்கே போவது, வானம் மூடியே கிடந்தது. மாடியைப் பார்க்கும் ஜன்னல்களை நினைத்தேன், அந்தப் பேச்சையே விட்டுவிட்டேன்.

ஆட்டோவில் வரும்போது விரல் விட்டு எண்ணினேன். அன்றைக்கு இருபத்தைந்து வாரம் முடிந்திருந்தது. எட்டு வாரம் என்றால் முப்பத்து மூன்றில் முடியும். எங்களுக்குக் கண்டம் இருபத்தெட்டில். அதற்குள் மூன்று பாக்கெட்தான் உள்ளே போகும். யானைப் பசிக்குச் சோளப்பொரி. 

அது வியாழக்கிழமை. சாயங்காலம் விவேக் நகர் குழந்தை இயேசு கோவிலுக்குப் போய்க் கூட்டத்தில் முட்டிபோட்டேன். அங்கேதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. குழந்தை இயேசுவுக்கு நவநாள் ஜெபம் வைக்கிறோம். ஒன்பது வியாழன் என்றும் வைக்கலாம். அவசரம் என்றால் ஒன்பது நாளில் முடிக்கலாம். உயிர் போகிற அவசரம் என்றால் ஒன்பது மணி நேரத்திலேயே மணிக்கொரு தரம் சொல்லி முடிக்கிறவர்களும் உண்டு. கடவுளே அவசரத்துக்குச் சுருக்கிக்கொள்ள விடுகிறார், ஒரு பவுடரைச் சுருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து கிரேஸிடம் பொய் சொன்னேன்.

"டாக்டரம்மா தெனம் ஒண்ணு குடுக்கச் சொன்னாங்க. ஒம்பது நாளு."

அவள் என்னைப் பார்த்தாள். சரி அத்தை என்றாள்.

தினமும் மாலை இருவரும் நவநாள் ஜெபம் சொல்வோம். முடிந்ததும் நான் பாலில் பவுடரைக் கலந்து கொடுப்பேன். அவள் காலி பாக்கெட்டை வாங்கி ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, நான்காக மடித்து என்னிடம் கொடுத்துவிட்டுக் குடிப்பாள். ஒன்பதாம் நாள் சுவரைப் பிடிக்காமல் பாயிலிருந்து எழுந்து நின்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டருக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்துவிட்டது என்று மார் தட்டிக்கொண்டேன். மறுநாளே இரண்டாவது நவநாளைத் தொடங்கினேன்.

மருந்துக் கடை சிவசங்கரன் மட்டும், இது வாரத்துக்கு ஒன்றுதானேம்மா, இவ்வளவு எதற்கு என்று கேட்டான். எனக்கும் மூட்டு வலி, பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் சேர்த்து என்று புளுகினேன்.  அடுத்த நாளிலிருந்து கடையை மாற்றினேன். செய்வது சரி என்று நம்பியிருந்தால் ஏன் கடையை மாற்றுகிறேன்? அந்தக் கேள்வியை நான் என்னிடம் கேட்கவில்லை.

பதினாறு பாக்கெட் முடிந்த மறுநாள் காலை கிரேஸ் வாந்தி எடுத்தாள். முதலில் பித்தம் என்றேன். மறுபடி மறுபடி எடுத்தாள். குடம் குடமாகத் தண்ணீர் கேட்டாள், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பாத்ரூம் போனாள். தலை வலிக்கிறது என்றபோது எனக்கு உயிரே போய்விட்டது. பழைய இரண்டு தடவையும் தலைவலியில்தான் ஆரம்பித்தது. குணசேகருக்குப் போன் அடித்தேன். அவன் ஏ.சி. மெக்கானிக், எங்கோ டெக் பார்க்கில் இருந்தான், போட்டது போட்டபடி வந்தான். ஆஸ்பத்திரியில் பி.பி. பார்த்தார்கள். நூற்றைம்பதுக்கு நூறு. வாரம் இருபத்தேழு முடிந்து ஐந்து நாள்.

உடனே படுக்க வைத்து ஊசி போட்டார்கள். குழந்தையின் நுரையீரல் பழுக்க ஒரு ஊசி என்றார்கள். கிரேஸின் அக்கா மௌரீன் ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்து ஓடி வந்தாள். பள்ளிக்கூட டீச்சர், என்னை ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. எட்டாம் நாள் ஜெபத்தில் அவளும் இருந்தாள்.

நிருபமா டாக்டர் மத்தியானம் வந்து எல்லாத் தாளையும் புரட்டினார். அவர் முகம் சரியில்லை. பழைய மாதிரி பி.பி. ஏறியிருக்கிறது, ஆனால் சிறுநீரில் புரதம் போகவில்லை, முகத்தில் வீக்கம் இல்லை, இவ்வளவு வாந்தியும் தாகமும் ஏன் என்று தெரியவில்லை என்றார். பிறகு கிரேஸின் பக்கம் குனிந்து, நான் கொடுத்ததைத் தவிர வேறு மாத்திரை, நாட்டு மருந்து, கஷாயம் ஏதாவது சாப்பிட்டாயா, சொன்னதை விட அதிகமாகச் சாப்பிட்டாயா என்று கேட்டார். கிரேஸ் இல்லை என்று தலையாட்டினாள்.

நான் சுவரோரமாக நின்றிருந்தேன். என் பர்ஸுக்குள் பதினேழாவது பாக்கெட் இருந்தது. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். பர்ஸை அக்குளில் இடுக்கிக்கொண்டேன்.

வெளியே வராந்தாவில் டாக்டர் குணசேகரிடம் பேசினார். சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி பார்ப்பேன், குறையவில்லை என்றால் இன்றைக்கே குழந்தையை எடுத்தாக வேண்டும், ஒரு கிலோதான் இருக்கும், பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம், உள்ளே விட்டால் தாய்க்கே ஆபத்து என்றார். குணசேகர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டான். எழுத்து கோணல்மாணலாகப் போனது. நான் பெற்ற பிள்ளை, அவனுக்கு முப்பத்து மூன்று வயது, அப்போது பத்து வயதுப் பையன் போல இருந்தான்.

மணி மூன்று. ஆறுக்கு இன்னும் மூன்று மணி நேரம். ஒன்பது மணி நேர நவநாளுக்குக்கூட நேரமில்லை. சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன், பொய் சொல்வானேன். குழந்தை போனால் பழையபடி பி.பி.யால் போனது என்பார்கள். யாருக்கும் தெரியாது. என் பெயர் கெடாது. சொன்னால் மகன் முகத்தில் முழிக்க முடியாது, மௌரீன் என்னை நாலு தெருவுக்கு நாறடிப்பாள். இதெல்லாம் எனக்குத் தோன்றியது. பிறகு வேறொன்று தோன்றியது. பி.பி. இல்லை, இந்தப் பவுடர்தான் காரணம் என்றால், அந்தக் குழந்தையை இப்போதே எடுக்க வேண்டியதில்லையே.

ஓட்டமும் நடையுமாக டாக்டர் அறைக்குப் போனேன். குணசேகரும் மௌரீனும் என்னவோ ஏதோ என்று பின்னாலேயே வந்தார்கள். அவர்கள் முன்னாலேயே பாக்கெட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"டாக்டரம்மா, இதை நான் தெனம் குடுத்தேன்."

டாக்டர் பாக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எத்தனை?"

"பதினாறு."

"கிரேஸுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீங்கதான் சொன்னதாச் சொன்னேன். அவ மேல ஒரு தப்பும் இல்ல."

 குணசேகர் என்னை விட்டு இரண்டடி தள்ளி நின்றான், அவ்வளவுதான். பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். மௌரீன்தான் பேசினாள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று என் மூன்றாம் கிளாஸ் பிள்ளைகளுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டாள்.  

டாக்டர் அதற்குள் போனை எடுத்துக் கால்சியம் பார்க்கச் சொல்லிவிட்டார். அந்தச் சத்து அதிகமானால் ரத்தத்தில் கால்சியம் ஏறும், வாந்தி, தாகம், பி.பி. எல்லாம் அதனாலும் வரும் என்றார். ஒரு மணி நேரத்தில் ரிசல்ட் வந்தது. பதின்மூன்று. பத்தரையைத் தாண்டக் கூடாதாம். ஆறு மணிக்கு ஆபரேஷன் இல்லை என்று டாக்டர் சொன்னபோது குணசேகர் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"சொல்லாம இருந்திருந்தா இன்னிக்குக் கத்தி வச்சிருப்பேன். ஆனா நீங்க செஞ்சது பெரிய தப்பு" என்றார் டாக்டர் என்னிடம்.

பன்னிரண்டு நாள் கிரேஸுக்கு பாட்டில் பாட்டிலாக சலைன் ஏறியது. கால்சியம் மாத்திரையை நிறுத்தினார்கள், பாலை நிறுத்தினார்கள், முதலில் வெயிலில் உட்காரச் சொன்ன அதே டாக்டர் இப்போது வெயிலே கூடாது என்றார். கால்சியம் மெல்ல இறங்கியது. கூடவே பி.பி.யும் இறங்கியது. ஆனால் இந்தச் சத்து உடம்புக் கொழுப்பில் தங்கிக்கொள்ளுமாம், எப்போது வேண்டுமானாலும் மறுபடி ஏறலாமாம். இருபத்தெட்டு போனது. இருபத்தொன்பது போனது. முப்பது பிறந்த அன்று கார்மென்ட்ஸ் பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

வீட்டில் நான் தீண்டத்தகாதவள் மாதிரி ஆனேன். குணசேகர் மருந்தெல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான். மௌரீன் ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்து சாப்பாட்டுக் கேரியர் கொண்டுவந்தாள், நான் தட்டில் பரிமாறினால்கூட முகத்தைச் சுளித்தாள். வாங்கிக் கட்டிக்கொண்டேன். செக்கிங் டேபிளில் என் கையில் செல்போன் அதிர்ந்தாலே ஊசி குத்தியது போலத் துள்ளுவேன். செப்டம்பரில் சிவாஜி நகர் மாதா திருவிழாவுக்குப் போய்க் கூட்டத்தோடு நின்றேன். எதையும் நேர்ந்துகொள்ளவில்லை. நேர்ந்துகொண்டு நான் செய்த லட்சணம்தான் தெரியுமே. கிரேஸ் மட்டும் என்னிடம் பழையபடியே இருந்தாள். அதிகம் பேசாமல், ஆனால் முகத்தைத் திருப்பாமல். அது எனக்கு இன்னும் வலித்தது.

முப்பத்தாறாவது வாரம் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ. அழுதது. நானும் அழுதேன். மூன்றாம் நாள் அதன் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வயிற்றுக்குள் கால்சியம் அளவுக்கு மீறிக் கிடைத்ததால், வெளியே வந்ததும் குழந்தையின் ரத்தத்தில் அது சட்டென்று இறங்கிவிட்டது என்றார்கள். அதுவும் என் பதினாறு பாக்கெட்டின் வேலைதான். ஆறு நாள் அது கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. நான் வராந்தா பெஞ்சை விட்டு எழவில்லை. நல்லபடியாகத் திரும்பி வந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது நிருபமா டாக்டர் கால்சியம் சொட்டு மருந்தைக் குணசேகர் கையில் கொடுத்தார். ஒரு நாளைக்கு நான்கு வேளை, வேளைக்கு ஒரு மில்லி, இந்த மருந்தைப் பாட்டி கையில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் குணசேகர் வேலைக்குப் போய்விட்டான். பதினோரு மணிக்கு கிரேஸ் அத்தை என்று கூப்பிட்டாள். குழந்தை அவள் மடியில் இருந்தது, மருந்துப் பாட்டில் பக்கத்தில் இருந்தது. ஜன்னல் திரையை அவளே விலக்கிவிட்டிருந்தாள். மருந்து வேளை, நீங்க ஊத்துங்க என்றாள். நான் கதவருகிலேயே நின்றேன். குணா வரட்டும் என்றேன்.

"உக்காருங்க அத்தை. ஒண்ணு சொல்லணும். பாக்கெட்லயே போட்டிருந்துச்சு, வாரத்துக்கு ஒண்ணுன்னு. மொத நாளே படிச்சேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. மருந்துப் பெயரை நாள் முழுக்க டைப் அடிக்கிறவள். தினமும் காலி பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள்.

"தெரிஞ்சேவா குடிச்சே?"

"நீங்க எண்ணின மாதிரிதான் நானும் எண்ணினேன். இருபத்தெட்டுக்குள்ள மூணுதானே வருதுன்னு."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. பத்து வாரமாக இந்த வீட்டில் ஒற்றை ஆளாக வசவு வாங்கினேன். பெற்ற மகன் பீரோவைப் பூட்டினான். இவள் வாயைத் திறக்கவில்லை. அதுவாவது போகட்டும், என் வசவு என்னோடு போகட்டும், டாக்டர் முகத்துக்கு நேரே கேட்டாரே.

"டாக்டரு கேட்டப்போ ஏன்டி இல்லைன்னு தலையாட்டினே? அன்னிக்குப் புள்ளைய எடுத்திருந்தாங்கன்னா?"

கிரேஸ் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். அவள் குரல் ஏறவே இல்லை.

"சொல்லணும்னுதான் இருந்துச்சு. வாய் வரல. நீங்க அங்கயே நின்னுட்டிருந்தீங்க. நானே தெரிஞ்சு குடிச்சேன்னா என்ன சொல்வீங்கன்னு பயம். சுமக்கத் தெரியாதவன்னு அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. அதை இன்னொரு தடவை கேக்க எனக்குத் தெம்பு இல்ல அத்தை."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மறந்துபோன வார்த்தை. சொன்னவள் மறந்துவிட்டேன், கேட்டவள் வைத்துக்கொண்டிருந்தாள். குழந்தையை எடுக்கப் போகிறார்கள் என்ற பயத்தை விட என் வாய்க்கு அவள் அதிகம் பயந்திருக்கிறாள். அந்த மூன்று மணி நேரம் நான் பேசாமல் இருந்திருந்தால், அவளும் பேசியிருக்க மாட்டாள். 

"நான் சொன்னது தப்பு கிரேஸு" என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. என் ஐம்பத்திரண்டு வயதில் நான் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை, செத்துப்போன மனுஷனிடம்கூட.

அவள் சொட்டுக் குழாயை எடுத்து என் கையில் வைத்தாள். மருந்தை உறிஞ்சினேன். ஒரு மில்லி கோட்டுக்கு மேலே ஏறிவிட்டது. பாட்டிலுக்குள் திருப்பி விட்டுவிட்டு மறுபடி உறிஞ்சினேன். இந்தத் தடவை குறைந்தது. மூன்றாம் தடவை, தையலைப் பார்ப்பது போல ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்துக் கோட்டைப் பார்த்தேன். பிறகு அவள் கண்ணுக்கு நேரே நீட்டினேன்.

"நீயும் பாரு."

கிரேஸ் குனிந்து பார்த்தாள். சரியா இருக்கு அத்தை என்றாள். அதற்குப் பிறகுதான் குழந்தையின் வாயில் விட்டேன்.